‘பிடித்தம்’னா என்னங்க சார்?

பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் 7ஆம் தேதி ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் வீட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் செல்போன். “பெரியப்பா, 18,000 ரூபாய் சம்பளம்னு சொல்லித்தான் சேத்துனாங்க. 13,840 தான் ஏறியிருக்குது. ஏமாத்திப்போட்டாங்க. நாளையிலிருந்து நின்னுக்கறேன்” என்றான். அவனுடைய அம்மா பின்னாலேயே வந்து மதில் ஓரமாக நின்றுகொண்டாள். அப்பா இல்லாத வீடு. பையன் சென்ற ஆண்டு பிளஸ் டூ முடித்தவன். கணக்கில் 91 மார்க். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து அவன் வாங்கிய முதல் முழு மாதச் சம்பளம் அது.

சம்பளச் சீட்டு செல்போனுக்கு வந்திருந்தது. பாஸ்வேர்டு கேட்கிறது என்று திறக்காமலே வைத்திருந்தான். பிறந்த தேதியை அடித்துப் பார்க்கச் சொன்னேன், திறந்தது. திண்ணையில் உட்காரவைத்து, பேத்தியின் ரஃப் நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக எழுதச் சொன்னேன்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000. வீட்டு வாடகைப்படி 4,000. ஆக 16,000. அதில் பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், 1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 120. கேன்டீன் 600. மீதி 13,840. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. “அப்ப அந்த 18,000 எங்கீங் பெரியப்பா?” என்றான். அது சீட்டின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. முதலாளி பங்காக பி.எஃப்.புக்கு இன்னொரு 1,440, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 520. கூட்டினால் 17,960. ஆளெடுக்கும்போது அதை முழுசாக்கி ‘18’ என்று சொல்லியிருக்கிறார்கள். சி.டி.சி. என்பார்கள். கம்பெனிக்கு நீ வைக்கிற மொத்தச் செலவு. கைக்கு வருவது வேறு.

சட்டப்படி இதில் ஏமாற்று இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பையன் அந்த ‘18’ஐச் சம்பளம் என்றுதான் எடுத்துக்கொள்வான் என்பது சொன்ன ஆபீசருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் 31 வருஷம் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவன் நான்.

பிடித்த பணம் எங்கே போகிறது என்று பையனுக்குச் சொன்னேன். அவனுடைய 1,440 முழுதும், முதலாளி பங்கில் 440ம் அவன் பெயரில் பி.எஃப். கணக்கில் ஏறுகிறது. முதலாளி பங்கில் மீதி 1,000 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது. 120 ரூபாய் இ.எஸ்.ஐ.க்கு வந்தபோது, “உன்னை நம்பி இருக்கற அம்மாவுக்கும் அதுல வைத்தியம் உண்டு கண்ணு” என்றேன். மதில் ஓரத்திலிருந்து “எனக்குங்களா?” என்று குரல் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டும் அம்மா அவள். சர்க்கரை மாத்திரைக்கு மாதம் 900 ரூபாய் மெடிக்கலில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பையனின் அட்டையில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரைக்குக் காசில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு 120 ரூபாய் நஷ்டக் கணக்காக இருந்தது.

இந்த அரை மணி நேரப் பாடத்தை அவனுக்கு 12 வருஷப் பள்ளிக்கூடத்தில் யாரும் நடத்தவில்லை. என் புகார் அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும்.

டைம் ஆபீஸ் என்றால் என்னவென்று மில் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷிப்டுக்கு யார் வந்தார், யார் அரை நாளில் போனார், யாருக்கு எத்தனை மணி நேரம் ஓ.டி. என்று மஸ்டர் ரோலில் ஏற்றி, மாதக் கடைசியில் சம்பளம் போடும் இடம். 2012 வாக்கில் எங்கள் மில்லில் 400க்கும் மேல் பெண் பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தார்கள். தேனி, விருதுநகர், திண்டுக்கல் பக்கத்திலிருந்து தரகர்கள் அழைத்து வந்தவர்கள். கேம்ப் கூலி என்போம். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 வரை மொத்தமாகத் தருவோம் என்பது பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமான பெயர் வேறு. 50,000ஐ 36 மாதத்தால் வகுத்தால் 1,389 ரூபாய். மாதாமாதம் அந்தப் பிள்ளை கையில் கொடுத்திருக்க வேண்டிய கூலியை நிறுத்திவைத்து, கடைசியில் பரிசு மாதிரி கொடுப்பதுதான் திட்டம். இரண்டே முக்கால் வருஷத்தில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவளுக்கு அந்தப் பரிசும் கிடையாது. ஒரு வகுத்தல் கணக்குதான். போட்டுப் பார்த்த பிள்ளை ஒருத்தியை நான் பார்க்கவில்லை.

ஒரு சம்பள நாளில் ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண் ஒருத்தி, சீட்டை உள்ளே நீட்டி, “பிடித்தம்னா என்னங்க சார்?” என்று கேட்டாள். தேனிப் பக்கத்துப் பிள்ளை, வந்து ஒன்றரை வருஷம். பின்னால் நூறு பேர் வரிசை. “அது கவர்மெண்டுக்கும்மா, நகரு” என்றேன். நகர்ந்துவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை. ஊருக்குப் போய் இருபது நாள் கிடந்து, தனியார் ஆஸ்பத்திரிக்குச் செலவழித்துத் திரும்பி வந்தாள். அவள் அம்மா தோட்டை அடகு வைத்தது பிறகு வார்டன் சொல்லித் தெரிந்தது. அவள் சம்பளத்தில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறேன், அப்போது தொழிலாளி பங்கு 1.75 சதவீதம், 2019 ஜூலையில்தான் 0.75 ஆனது. வைத்தியம் இலவசமாகக் கிடைத்திருக்கும். வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில் 70 சதவீதமும் வாங்கியிருக்கலாம். அந்தச் சான்றிதழ்களை வாங்கி அனுப்பும் மேசை என்னுடையது. ‘கவர்மெண்டுக்கு’ என்று நான் சொன்ன ஒரே சொல்லில் அத்தனையும் போய்விட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், ஒருத்திக்கு விளக்கினால் நாளைக்குப் பத்து பேர் வந்து கேட்பார்கள். யாரும் எழுதிக் கொடுத்த உத்தரவு இல்லை. ஆனால் டைம் ஆபீஸ்காரனுக்குக் கேள்வி கேட்காத பிள்ளைதான் நல்ல பிள்ளை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே? அங்கே வாயை மூடப் பழகிய பிள்ளையை நாங்கள் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

என் அப்பா ஆறாவது வரைதான் படித்தவர். மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். அவருக்குச் சம்பளச் சீட்டில் ஒவ்வொரு வரியும் அத்துப்படி. பஞ்சப்படி எப்படி ஏறும், போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் எங்கிருந்து வந்தது, கிராஜுவிட்டிக்கு 15ஐ ஏன் 26ஆல் வகுக்கிறார்கள், எல்லாம் சொல்வார். கற்றுக்கொண்ட இடம் கேட் மீட்டிங். ஷிப்டு விடும் நேரத்தில் யூனியன்காரர் மில் வாசலில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று அரை மணி நேரம் பேசுவார். வைவது பாதி, கணக்கு பாதி. இன்றைக்குப் பெரும்பாலான கம்பெனி வாசலில் அந்த ஸ்டூல் இல்லை. கான்ட்ராக்டில் எடுத்த பிள்ளைகளுக்கு யூனியனும் இல்லை. வாசலில் நின்றுபோன பாடத்தை வகுப்பறையில் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை.

பாடப் புத்தகத்தைக் குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பேத்தியின் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கில் வாழ்வியல் கணிதம் என்ற பாடத்தில் கூட்டு வட்டி இருக்கிறது. ஒன்பதில் பணமும் கடனும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் அரசாங்கமும் வரிகளும் என்று ஒரு பாடம், தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள் பற்றி இன்னொரு பாடம். திருப்பூரும் கோவையும் எதற்குப் பெயர் போனவை என்று பிள்ளைகள் ஐந்து மார்க்குக்கு எழுதுகிறார்கள். அந்தத் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்தால் மாதக் கடைசியில் கையில் வரும் தாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலைக்குத் தயார்செய்ய 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. நல்லது. வேலை வாங்கும் வரைக்குமான படிப்பில் நமக்குள்ள அக்கறை, வேலை கிடைத்த முதல் முப்பது நாளுக்கு இல்லை.

நிதிக் கல்வி என்று பேச்செடுத்தால் உடனே சேமிப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்ற ஒருவர் கிளம்பிவிடுகிறார். உண்டியலைத் தூக்கிக்கொண்டு வருவார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சிக்கனம் நடத்த வேண்டியதில்லை. என் ஜன்னலில் சம்பளம் வாங்கிய பெண்களில் பெரும்பாலோர் ஹாஸ்டல் சோப்புக்கு 50 ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியை ஊருக்கு அனுப்பியவர்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டியது தாள். கேட்கத் தெரிய வேண்டியது கேள்வி.

வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளிக்கும் அது கட்டாயம் என்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனின் நியமனக் கடிதம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது: ‘மண்டே வந்துரு தம்பி.’ பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினலைக் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம், ரசீது கிடையாது. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது 1948ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே வந்துவிட்டது, இவனுக்கு ஒற்றைக் கூலி போடுவதும் தெரியாது. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் தெரிய வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிப் புகார் வாங்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்தது.

எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் தெரியாது. அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் பார்த்த பி.எஃப். தகராறுகளில் பாதி அதுதான். நம் ஊரில் இனிஷியல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். பள்ளிச் சான்றிதழில் எம்.மாரியம்மாள். ஆதாரில் மாரியம்மாள். பான் கார்டில் அப்பா பெயரையும் நீட்டி மாரியம்மாள் முத்துசாமி. பாங்க் பாஸ்புக்கில் மாரியம்மாள் எம். ஊருக்கு ஒரே மாரியம்மாள், கம்ப்யூட்டருக்கு நாலு பேர். வேலையை விட்டுப் போய், பிள்ளைப் பேறுக்கு ஆகட்டும் என்று பி.எஃப். பணத்துக்கு மனுப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். என் தலைமுறையில் ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் திறப்பது அப்போதுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். இன்றைய பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் ஆதார் எடுத்த இடத்தில் அவசரத்தில் அடித்த தேதியோடு திரிகிறவர்கள் உண்டு. பதினோராம் வகுப்பில் ஒரு பீரியட் ஒதுக்கி, மார்க் ஷீட், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பெஞ்சில் விரித்துவைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்தால் போதும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கடன் பாடத்துக்கு வருகிறேன். அடுத்த வாரமே அந்தப் பையன் இன்னொரு தாளோடு வந்தான். பைக் வாங்க ஒரு லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் ‘ஃப்ளாட்’, 36 மாதம், மாதத் தவணை 3,611. “பத்து பர்சென்ட் கம்மிதானுங்களே” என்றான். நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் ஒரு வட்டிக்கும் குறைவு. “35 தவணை கட்டி முடிச்சிட்டே கண்ணு. கடைசி மாசம் உன்கிட்ட அவனோட அசல் எவ்வளவு இருக்கும்?” என்றேன். யோசித்தான். “மூவாயிரத்துச் சொச்சம்.” “வட்டி எதுக்குப் போட்டிருக்கான்?” “ஒரு லட்சத்துக்கு” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தான். பிறகு கால்குலேட்டரை எடுத்து, குறையும் அசலுக்குத் தக்கபடி வட்டியைக் கூட்டிக் குறைத்து, முக்கால் மணி நேரம் போராடினான். 18 சதவீதம் சுமாருக்கு வந்து நின்றது. கணக்கில் 91 வாங்கிய மூளை சும்மா இல்லை. வாழ்வியல் கணிதம் என்று படித்தது இந்தத் தாளில்தான் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தராததுதான் குறை.

தெருவில் தண்டல் விடுகிறவர்களின் கணக்கையும் இதே மாதிரிப் பிரித்துக் காட்டலாம். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதிக்கொண்டு 1,500ஐ எடுத்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘15 பர்சென்ட்தான்’ என்பார்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட பத்து வட்டி. கந்து வட்டியை 2003இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. தண்டல் நோட்டு இன்னமும் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறது.

பையன் பைக் எடுக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். எடுத்துவிட்டான். 19 வயது. முன்பணத்தைக் கூட்டி, கடனைப் பாதியாக்கி, 18 மாதத் தவணையாகச் சுருக்கிக்கொண்டான்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பாங்க் கணக்கில் ஏறுகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். ஆக, அரசாங்கமே 17, 18 வயதில் ஒரு கணக்கைத் திறக்கவைத்துப் பணம் போடுகிறது. அந்தக் கணக்கை யாருக்கும் இரவல் கொடுக்காதே என்று சொல்லிக்கொடுத்தோமா? “உன் அக்கவுண்டையும் ஏ.டி.எம். கார்டையும் ஒரு மாசம் கொடு, 5,000 ரூபாய் தர்றேன்” என்று கல்லூரி வாசலில் கேட்கிறார்கள். சைபர் மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் வந்து நிற்பது கணக்கு வைத்திருக்கும் பிள்ளையின் வீட்டு வாசலில். பணம் பறிபோனால் கூப்பிட வேண்டிய எண் 1930 என்பதாவது வகுப்பறைச் சுவரில் எழுதியிருக்க வேண்டாமா?

நேரம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். பத்து பீரியட் போதும். யார் நடத்துவது என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டையும் பாங்கின் விற்பனைக்காரரையும் மட்டும் உள்ளே விடாதீர்கள். அவர்கள் பாலிசி விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஆசிரியர்களே நடத்தலாம். 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாதம் 10 சதவீதம் கொடுத்துவிட்டு அதை எதிர்த்துப் போராட்டமும் நடத்தியவர்களைவிடப் பிடித்தத்தைப் பற்றி நன்றாகப் பேசக்கூடியவர் யார்?

கூடவே எங்களையும் கூப்பிடுங்கள். ஓய்வு பெற்ற டைம் ஆபீஸ்காரர்கள், யூனியன்காரர்கள் எல்லா மில் ஊரிலும் சும்மாதான் இருக்கிறோம். பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாள் ஒரு மதியம் கொடுத்தாலும் சரி. பெயரை மறைத்த ஒரு சம்பளச் சீட்டு, ஒரு தவணைக் கடன் தாள், இரண்டையும் பிள்ளைக்கு ஒன்றாக ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். சூலூர், பல்லடம் பக்கத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருகிறேன். பஸ் சார்ஜ்கூட வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை எழுந்து, பிடித்தம் என்றால் என்ன என்று கேட்டால், இந்தத் தடவை ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.